முதலிடம் யாருக்கு?

கடைத் தெரு ஒன்றில் நூறு கடைகள். நூறிலும் ஒரே சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு முனையில் ஒருவர் நிற்கிறார். "எந்தக் கடைக்குப் போகலாம்?" என்று வருகிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் கேட்கிறார்கள். அவர் கை காட்டும் கடையில் கூட்டம் நெரிகிறது. அவர் காட்டாத கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான்!

இன்டர்நெட் என்னும் உலகச் சந்தையில் அந்த ஆளின் வேலையைச் செய்வதுதான் 'தேடுபொறி'. 'கம்பளம்' என்று தட்டினால் போதும். கம்பளத்தைப் பற்றிய எண்ணற்ற பக்கங்களை, இது முதலாவது, இது இரண்டாவது என்று வரிசைப்படுத்திக் கண் மூடித் திறப்பதற்குள் காட்டிவிடுகிறது.

அந்த வரிசையில் எந்த இடம் கிடைத்தால் என்ன என்று கேட்கலாம். ஐரோப்பியக் கமிஷன் 2017-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. கூகுளின் முதல் பக்கத்தில் வரும் பத்து முடிவுகளுக்கே சுமார் 95 சதவிகித 'கிளிக்'குகள் போய்விடுகின்றன. அதிலும் முதலிடத்துக்கு மட்டும் சுமார் 35 சதவிகிதம். இரண்டாம் பக்கத்தின் தலைப்பில் இருப்பவருக்கு? நூற்றில் ஒன்று! ஒரே சொல்லுக்காகப் போட்டி போடும் வியாபாரிகளுக்கு இது வயிற்றுப் பிரச்னை அல்லவா?

சொல்லை எண்ணிய காலம்

இந்த வரிசை எப்படித் தயாராகிறது? தேடுபொறியின் தூதர்கள் இரவு பகலாக இணையதளங்களைச் சுற்றி வருகிறார்கள். தூதர்கள் என்றால் ஆட்களல்ல, கம்ப்யூட்டர் புரோகிராம்கள். புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்குமல்லவா? அதே மாதிரி ஒரு பிரம்மாண்டமான பட்டியலை இவை தயாரிக்கின்றன. நாம் கேள்வி கேட்டதும் பொறி புரட்டுவது அந்தப் பட்டியலைத்தான்.

கேட்ட சொற்கள் எந்தப் பக்கத்தில் அதிகமாக இருக்கின்றன என்று எண்ணுவது ஒரு வழி. ஆனால் எல்லாச் சொற்களுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. எங்கும் காணும் சொல்லைவிட அபூர்வமான சொல்லுக்கே எடை அதிகம். இந்த முறையை 1972-ல் வகுத்துக் கொடுத்தவர் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண்மணி.

சொல்லை எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் எத்தர்களுக்குக் கொண்டாட்டம்! 'மலிவு, மலிவு, மலிவு' என்று ஒரே சொல்லை நூறு தரம் எழுதினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதி, மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் யந்திரத்துக்கு மட்டும் தெரியும்படி வைத்தார்கள். 1997 நவம்பரில் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? அன்று முன்னணியில் இருந்த நான்கு வியாபாரத் தேடுபொறிகளில், தன் பெயரைச் சொல்லித் தேடினால் தன்னையே முதல் பத்துக்குள் காட்டத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்!

சிபாரிசுக்கு மதிப்பு

இந்தக் கூத்தை 1998-ல் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டியவர்கள், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழக மாணவர்கள் இருவர்: லாரி பேஜ், செர்ஜி பிரின். அவர்கள் கண்ட வழி இதுதான். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை மட்டும் நம்பக் கூடாது. மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஒரு தளம் இன்னொன்றுக்கு 'இணைப்பு' கொடுத்தால், அது ஒரு சிபாரிசு.

சிபாரிசு செய்கிறவர் யார் என்பதும் கணக்கில் சேரும். பலருடைய மதிப்பைப் பெற்றவர் சொல்லும் ஒரு வார்த்தை, பெயர் தெரியாத பத்துப் பேர் சொல்வதைவிடப் பெரிது. கண்டவருக்கெல்லாம் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறவரின் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. நூறு பேருக்கு இணைப்புக் கொடுத்தால், அவரவருக்குக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்குதான். மேலும், 'கம்பளம்' என்ற சொல்லின் மேல் ஒரு கடைக்கு இணைப்பு இருந்தால், அந்தக் கடை கம்பளத்துக்குப் பேர்போனது என்று பொறி எடுத்துக்கொள்ளும்.

இந்த யோசனையின் மேல் 1998 செப்டம்பரில் எழுந்ததுதான் கூகுள் கம்பெனி.

பென்னிக் கடையின் கதை

சிபாரிசுக்கு மதிப்பு வந்துவிட்டால் பொய்ச் சிபாரிசு வராமலிருக்குமா?

1902-ல் தொடங்கிய ஜே. சி. பென்னி, அமெரிக்காவின் பெயர்பெற்ற கடைகளில் ஒன்று. 2010-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் கவுன் என்று தேடினாலும் பென்னி, படுக்கை விரிப்பு என்று தேடினாலும் பென்னி, கம்பளம் என்று தேடினாலும் பென்னி! 'சாம்சனைட்' கைப்பெட்டியைத் தேடினால், அதைத் தயாரிக்கும் சாம்சனைட் கம்பெனிக்கும் மேலே பென்னி!

'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை துப்புத் துலக்கியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் பென்னிக்கு இணைப்புகள் செருகப்பட்டிருந்தன. அந்தத் தளங்களில் பலவற்றுக்கும் துணிமணிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. குறட்டை, மீன்பிடிப்பு, பல் வைத்தியம் பற்றிய தளங்களில் கவுன் கடைக்கு என்ன வேலை?

2011 பிப்ரவரியில் கூகுளின் தண்டனை இறங்கியது. மாலை 7 மணிக்குச் சாம்சனைட் பெட்டிக்கு முதலிடத்தில் இருந்த பென்னி, இரண்டே மணி நேரத்தில் 71-வது இடத்தில் போய் விழுந்தது! இது தன் சம்மதத்துடன் நடந்ததல்ல என்று சொன்ன கம்பெனி, தேடல் ஆலோசனை கூறிவந்த நிறுவனத்தை விலக்கியது.

அதே மாதம், சாரமில்லாத பக்கங்களைத் தள்ளுவதற்கு 'பாண்டா' என்ற திருத்தம் வந்தது. 2012 ஏப்ரலில், பொய் இணைப்புகளைப் பிடிக்க 'பெங்குவின்' வந்தது. கேள்வியின் பொருளைப் புரிந்துகொள்ள 2019-ல் 'பெர்ட்' வந்தது. பிரேசிலிலிருந்து அமெரிக்கா போக விசா வேண்டுமா என்று கேட்டால், அமெரிக்காவிலிருந்து பிரேசில் போகிறவருக்கான பதிலைக் காட்டும் வேடிக்கையை அது திருத்தியது.

நீதிபதிக்கும் ஒரு கடை

விதிகள் முழுவதையும் வெளியிட்டால் எத்தர்கள் குறுக்கு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகையால் கூகுள் அவற்றை ரகசியமாக வைத்திருக்கிறது. வாஸ்தவம்தான். ஆனால் நீதிபதிக்கே சந்தையில் ஒரு கடை இருந்தால்?

இங்கிலாந்தில் ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்ற தம்பதி, பல கடைகளின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் 'ஃபவுண்டெம்' என்ற தளத்தை 2006-ல் தொடங்கினார்கள். தொடங்கிய சில நாட்களிலேயே, எத்தர்களுக்காக விரித்த யந்திர வலையில் அது சிக்கியது. கூகுள் வரிசையில் வெகு தூரம் பின்னால் போய்விட்டது. தம்பதி சும்மா இருக்கவில்லை. 2009-ல் ஐரோப்பியக் கமிஷனிடம் முறையிட்டார்கள்.

2017 ஜூன் மாதம் கமிஷன் தன் முடிவை அறிவித்தது. கூகுள் தன்னுடைய சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை உச்சியில் வைத்துக்கொண்டு, போட்டியாளர்களைக் கீழே இறக்கியிருந்தது. போட்டியாளர்களில் முன்னணியில் இருந்தவர்கூடச் சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் தென்பட்டார்! அபராதம் 242 கோடி யூரோ. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஊர்ஜிதம் செய்தது. நியாயம் கிடைத்தது. ஆனால் ஃபவுண்டெம் 2016-லேயே மூடப்பட்டுவிட்டது.

ஆகவே, அடுத்த முறை நீங்கள் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். விளம்பரம் என்று பொடி எழுத்தில் குறித்து வருவது காசு கொடுத்து வாங்கிய இடம். மற்ற இடங்கள் யந்திரத்தின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் சரியாக இருக்கலாம். வேத வாக்கு அல்ல. சமயம் கிடைத்தால் இரண்டாம் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். அங்கே நல்ல சரக்கை வைத்துக்கொண்டு ஒரு கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கலாம்!