மூன்று லட்ச ரூபாய்த் துப்பாக்கி யாருக்கு வேண்டும்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டல் 631.5 புள்ளிகள் எடுத்து ஐந்தாம் இடம் பிடித்தார். இறுதிச் சுற்றுக்கும் போனார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் எடுத்தது 630.7. அவருக்குப் பத்தாம் இடம். இறுதிச் சுற்றில் எட்டுப் பேருக்குத்தான் இடம் என்பதால் அவருடைய ஒலிம்பிக் அங்கேயே முடிந்துபோனது. ஆளுக்கு 60 குண்டுகள் சுட்ட போட்டியில் இருவருக்கும் இடையே இருந்தது 0.8 புள்ளி. இந்த இலக்கில் ஒரு குண்டு நடுப்புள்ளியிலிருந்து கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி குறையும். அப்படியானால் அறுபது குண்டுகளின் விலகலையும் ஒன்றாகக் கூட்டினாலும் இருவருக்கும் உள்ள வேறுபாடு மொத்தமாகவே 2 மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கமாக அளக்கப்படும் விளையாட்டில் துப்பாக்கியின் தரம் பற்றிய கேள்வி எழாமல் இருக்காது. விலை உயர்ந்த, பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்ட ரைஃபிள் அந்த விலைக்குத் தகுமா? பிள்ளையைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சேர்த்துவிட்ட பெற்றோர் எல்லோருக்கும் ஓரிரு ஆண்டுகளில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

கேள்வியின் கனம் விலையில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கே ஏர்கன் கிடைக்கும். ஆனால் உலகப் போட்டிகளில் காண்பவை பெரும்பாலும் ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டேயர், இத்தாலியின் பார்டினி போன்ற நிறுவனங்களின் தயாரிப்புகள். இறக்குமதியாகி இங்கே வந்து சேரும்போது அவற்றின் விலை லட்சங்களில் நிற்கிறது. உயர்ந்த மாடல் என்றால் மூன்று லட்சம் ரூபாய், அதற்கு மேலும். மலிவான ஏர்கன், போட்டி ரைஃபிள் இரண்டுமே சுடுவது 4.5 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ அரை கிராம் எடையும் உள்ள ஒரே ஈயக் குண்டைத்தான், அதுவும் பத்தே மீட்டர் தூரத்துக்கு. வேகத்துக்காகவோ சக்திக்காகவோ இந்தப் பணம் கொடுக்கப்படுவதில்லை. போட்டி ரைஃபிளின் குண்டு வினாடிக்கு 175 மீட்டர் அளவில்தான் போகும். அதைவிட வேகமாகச் சுடும் மலிவான ஏர்கன்கள் எத்தனையோ உண்டு.

பணம் போவது ஒரே தன்மைக்காக. இன்று சுட்டதும் நாளை சுடப்போவதும், முதல் குண்டும் அறுபதாவது குண்டும் ஒரே மாதிரி போக வேண்டும் என்பதற்காக. மலிவான ஏர்கன் பெரும்பாலும் சுருள்வில்லால் இயங்குவது. விசையை அழுத்தியதும் வில் விரிந்து, கனமான பிஸ்டன் ஒன்று முன்னால் பாய்ந்து காற்றை அழுத்துகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி முழுவதும் குலுங்கிவிடும். போட்டி ரைஃபிளிலோ சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று ஏற்கெனவே அடைத்திருக்கும். ரெகுலேட்டர் என்னும் சிறு பாகம் அந்த அழுத்தத்தைக் குறைத்து, சிலிண்டர் நிறைந்திருந்தாலும் பாதி காலியானாலும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்றை அனுப்புகிறது. இது ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பத்து மீட்டரைக் கடக்க குண்டுக்கு ஏறத்தாழ 0.06 வினாடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பில் அது 17 மில்லிமீட்டர் அளவு கீழே இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் சைட்டைத் திருத்தியிருப்பார்கள். ஒரு குண்டு வினாடிக்கு மூன்று மீட்டர் மெதுவாகப் போனால் அது இன்னும் அரை மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்து விழும். சுட்டவர் எந்தத் தவறும் செய்யாமலே 0.2 புள்ளி போய்விடும். விசையும் அப்படித்தான். ஏர் ரைஃபிளில் விசை எவ்வளவு இலேசாக இருக்கலாம் என்பதற்குச் சர்வதேச விதியில் கீழ்வரம்பு இல்லாததால், நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் விழும்படி வைத்துக்கொள்கிறார்கள். அந்த அழுத்தம் எந்த நாளும் மாறாமல் இருக்க வேண்டும். உலோகத்தை நுண்மையாகக் கடைந்து, பொருத்தி, சோதித்து எடுக்கும் உழைப்பு முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. நல்ல ரைஃபிளோடு தொழிற்சாலையிலிருந்து ஒரு சோதனை அட்டையும் வரும். துப்பாக்கியைக் கருவியில் அசையாமல் பிடித்துச் சில குண்டுகள் சுட்டிருப்பார்கள்; அட்டையில் ஒரே குண்டு துளைத்தது போல ஒரு துளைதான் தெரியும்.

இவ்வளவையும் கேட்டவர்கள் உடனே வாங்கிவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கணக்கின் அடுத்த பாதி அங்கேதான் இருக்கிறது. குண்டு நடுப்புள்ளியிலிருந்து விலகுவதற்குக் காரணங்கள் இரண்டு: ஆளின் ஆட்டம், துப்பாக்கியின் ஆட்டம். இரண்டும் நேராகக் கூடுவதில்லை; ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆகவே பெரிய ஆட்டம் சிறியதை விழுங்கிவிடும். குண்டுக்குச் சராசரி 9 புள்ளி எடுக்கும் மாணவரின் விலகல் 5 மில்லிமீட்டர் அளவு இருக்கும். அவர் கையில் அரை மில்லிமீட்டர் விலகும் உயர்தரத் துப்பாக்கி இருந்தால் மொத்த விலகல் 5.02 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் விலகும் சுமாரான துப்பாக்கி என்றால் 5.22. அறுபது குண்டுகளுக்கு ஐந்து புள்ளி வித்தியாசம். 540 எடுக்கும் ஒருவருக்கு இது பெரிதல்ல. நிற்கும் நிலையையும் மூச்சையும் ஒழுங்காகச் சொல்லித்தரும் பயிற்சியாளர் சில வாரங்களில் இதைப் போலப் பல மடங்கு கூட்டித் தருவார். இப்போது அதே இரண்டு துப்பாக்கிகளை, தன் ஆட்டத்தை 1.2 மில்லிமீட்டருக்குள் அடக்கிவிட்ட தேர்ந்த வீராங்கனையிடம் கொடுத்துப் பாருங்கள். முதலாவதில் மொத்த விலகல் 1.3, அவர் 630-ஐத் தொடுவார். இரண்டாவதில் 1.92, அவர் 615-ல் நிற்பார். அதே குறை மாணவரிடமிருந்து ஐந்து புள்ளி எடுக்கிறது, தேர்ந்தவரிடமிருந்து பதினைந்து. 631.5-க்கும் 630.7-க்கும் நடுவில் ஒலிம்பிக் இறுதிச் சுற்றே அடங்கிவிடும் விளையாட்டில் பதினைந்து புள்ளி என்பது எட்ட முடியாத தூரம். விலையுயர்ந்த துப்பாக்கி விலைக்குத் தகுமா என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான பதில் ஒன்று இல்லாததற்குக் காரணம் இதுதான். சுடுபவரின் திறமை வளர வளரத்தான் துப்பாக்கியின் மதிப்பும் வளர்கிறது.

ஆனால் குழலின் துல்லியம் ஒன்றை மட்டும் வைத்துப் பேசினால் மாணவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். போட்டி ரைஃபிளில் இன்னொரு அம்சம் இருக்கிறது. அது முதல் நாளிலிருந்தே பயன்படுவது. தோளில் பொருந்தும் பின்கட்டை, கன்னம் சாயும் பகுதி, கைப்பிடி, முன்கையில் தாங்கும் பகுதி ஆகிய எல்லாவற்றையும் உயர்த்தலாம், தாழ்த்தலாம், நீட்டலாம், திருப்பலாம். அலுமினியச் சட்டத்தின் மீது திருகுகளால் பொருத்தப்பட்ட இந்த அமைப்பு பார்வைக்கு அழகில்லாததுதான். எனினும் துப்பாக்கி உடலுக்கு ஏற்றபடி அமைய இதுதான் வழி. நின்றபடி 75 நிமிடங்களில் அறுபது குண்டுகள் சுட வேண்டிய விளையாட்டு இது. போட்டி ரைஃபிளின் எடை 5.5 கிலோ வரை போகலாம். கன்னப்பகுதி ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தால் பிள்ளை கழுத்தை வளைத்துத்தான் சைட்டைப் பார்க்க முடியும். பின்கட்டை நீளமாக இருந்தால் இடுப்பைத் தள்ளித்தான் நிற்க முடியும். இப்படிப் பழகிய உடம்பைப் பின்னர் திருத்துவது எவ்வளவு பாடு என்பது பயிற்சியாளர்களுக்குத் தெரியும். முதல் ஆண்டு மாணவருக்குக் குழலின் கால் மில்லிமீட்டர் பொருட்டே இல்லை; கட்டையின் அளவுதான் பொருட்டு. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு மாறும் என்பதால், எடை குறைந்த, அளவு மாற்றக்கூடிய ரைஃபிளே ஏற்றது.

பல நிறுவனங்களில் ஒரே வரிசையைச் சேர்ந்த மலிவான மாடலுக்கும் உயர்ந்த மாடலுக்கும் குழலும் உள்ளே இயங்கும் பாகங்களும் ஏறக்குறைய ஒன்றே. கூடுதல் விலை பெரும்பாலும் கட்டையின் வேலைப்பாட்டுக்கும், இன்னும் நுணுக்கமாகத் திருத்தும் வசதிக்கும், சைட்டுக்கும் போகிறது. அதனால் அடிப்படை மாடலை வாங்குபவர் துல்லியத்தில் எதையும் பெரிதாக இழப்பதில்லை. மீதமாகும் பணத்தைக் குண்டுகளில் போடலாம். தலையின் விட்டத்தை 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் பிரித்து விற்கிறார்கள். எந்த அளவு, எந்தத் தயாரிப்பு தன் குழலுக்குப் பொருந்துகிறது என்று சோதித்துத் தேர்ந்தெடுத்தால் சுமாரான ரைஃபிளும் வியக்கும்படி மாறும். பொருந்தாத குண்டு மூன்று லட்ச ரூபாய்த் துப்பாக்கியையும் கீழே இறக்கிவிடும்.

“ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்” என்று சொல்லி இந்தப் பேச்சையே தள்ளிவிடுபவர்கள் உண்டு. திறமைதான் ஜெயிக்கும், கருவி அல்ல என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் இந்தியாவின் அபினவ் பிந்த்ராவும் உக்ரைனின் செர்ஹி குலிஷும் 163.8 என்று சமமாக நின்றபோது ஒற்றைக் குண்டில் முடிவு வந்தது. குலிஷ் சுட்டது 10.5, பிந்த்ரா சுட்டது 10.0. பிந்த்ரா நான்காம் இடத்தோடு வெளியேறினார். இருவர் கையிலும் உலகின் சிறந்த ரைஃபிள்கள் இருந்தன. அந்த ஒன்றேகால் மில்லிமீட்டரைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். ஆனால் அதே பழமொழி நல்ல துப்பாக்கிக்கு ஆதரவாகவும் பேசுகிறது. மேடை உண்மையிலேயே கோணலாக இருந்தால், தவறு தன்னுடையதா மேடையுடையதா என்று ஆடுபவளுக்கு எப்படித் தெரியும்? குண்டு இடப்பக்கம் விலகியது. விசையை இழுத்த விதத்தாலா, குழலின் குறையாலா? சராசரி பத்தைத் தாண்டிய மாணவர் தன் தவறுகளைப் படித்துத்தான் முன்னேற வேண்டும். துப்பாக்கியின் ஆட்டமும் அவருடைய ஆட்டமும் கலந்துவிட்டால் அந்தப் படிப்பு நின்றுபோகும். இல்லாத தவறைத் திருத்தப் போய் இருக்கிற பழக்கத்தைக் கெடுத்துக்கொள்வார். துல்லியமான ரைஃபிள் பதக்கத்தைத் தராது. இந்தச் சந்தேகத்தை அகற்றும். என் பார்வையில் அதற்குக் கொடுக்கும் விலையின் நியாயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. அதோடு, நல்ல ரைஃபிள் நீண்ட காலம் உழைக்கும். குறைந்த வேகத்தில் போகும் மென்மையான ஈயக் குண்டு குழலை அவ்வளவாகத் தேய்ப்பதில்லை. பழைய போட்டி ரைஃபிள்கள், ரப்பர் வளையங்களை மாற்றினால், பல பத்தாண்டுகள் கழித்தும் நன்றாகச் சுடுகின்றன. காற்றுச் சிலிண்டருக்கு மட்டும் ஆயுள் வரம்பு உண்டு. பல தயாரிப்புகளில் அது 10 ஆண்டு. பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. காலாவதியான சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். அதில் உயர் அழுத்தக் காற்றை நிரப்புவது ஆபத்தும்கூட.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. இப்படிக் கணக்குப் போடுவது வசதி உள்ளவர்களுக்குத்தானே, இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்களுக்குத் துல்லியத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்து, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 701.1 புள்ளியோடு வெண்கலம் வென்ற ககன் நாரங்குக்கு ரைஃபிள் வாங்கித் தர அவர் குடும்பம் நிலத்தை விற்றதைப் பத்திரிகைகள் பல முறை எழுதியிருக்கின்றன. பதக்கம் வந்ததால் அந்தக் கதை நமக்குத் தெரிந்தது. நிலத்தை விற்றும் பதக்கம் வராத குடும்பங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனவே ஆரம்ப நிலையில் இருக்கும் பிள்ளைக்காகக் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ரைஃபிள் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. போட்டிகளில் தொடர்ந்து 600-க்கு மேல் எடுக்கும் வரை கிளப்பின் பொதுத் துப்பாக்கி போதும், அளவு மாற்றக்கூடியதாக இருந்தால்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் பல இடங்களில் நிறைவேறுவதில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், ரேஞ்ச் வைத்திருக்கும் கல்லூரிகளும், மாவட்டக் கிளப்புகளும் இதைக் கவனிக்க வேண்டும். அளவு மாற்றக்கூடிய அடிப்படை மாடல் ரைஃபிள்கள் நான்கும், ஓர் உயர்ந்த மாடலும் ஒரு ரேஞ்சில் இருந்தால், நேரம் பிரித்துக்கொண்டு டஜன் கணக்கான மாணவர்கள் பழகலாம். 600-ஐத் தாண்டியவருக்கு அந்த உயர்ந்த ரைஃபிளைப் போட்டிக் காலம் முழுவதும் இரவல் தரலாம். ஒரு குடும்பம் தனியாகச் சுமக்கும்போது நசுக்கிவிடும் இந்தச் செலவை இருபது ஆண்டு உழைக்கும் பொதுச் சொத்தாக மாற்றினால், ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு ஆகும் தொகை சில ஆயிரங்களைத் தாண்டாது. அடுத்த ஆண்டுத் திட்டத்திலேயே இதைச் சேர்க்கும்படி உங்கள் பகுதி ரேஞ்சிடம் கேளுங்கள்.