கூந்தற்பனையும் அரைப்பேரும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், யட்டியாந்தோட்டையைக் கடந்து சென்றால், களனி கங்கையின் கரையில் கித்துல்கல என்னும் சிற்றூர் தென்படும். கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் இலங்கையில் மழை மிகுந்த இடங்களுள் ஒன்று. றப்பரும் தேயிலையும் அயலயலே வளரும் நிலம். கித்துள் மரத்தின் பெயரோடு ‘கல’ என்ற சொல்லைச் சேர்த்துச் சிங்களத்தில் இவ்வூருக்குப் பெயர் அமைந்தது. ‘கல’ என்றால் பாறை. அந்தக் கித்துள் மரத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர் கூந்தற்பனை. வாரி முடியாத கூந்தலைப் போல அதன் பூங்குலை நீண்டு தொங்குவதை ஒருமுறை பார்த்தவர்க்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இப்பெயரை இட்டவர் தண்டியலங்காரத்தைத் திறந்து வைத்துக்கொண்டா இட்டார்? கண் ஒன்றைக் கண்டது. மனம் மற்றொன்றை நினைத்தது. நா இரண்டையும் இணைத்தது. உவமை பிறப்பது இவ்வாறுதான்.

நம் மாணவ மாணவியருக்கோ அணியிலக்கணம் என்றவுடனே முகம் வாடிவிடுகிறது. தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று வகுத்திருக்கிறது; அத்தனை பெயர்களையும் உருப்போட வேண்டுமே என்ற அச்சம்! மதிபோன்ற முகம், மலர்போன்ற அடி என்று ஆண்டுதோறும் ஒரே எடுத்துக்காட்டை ஒப்புவித்து மதிப்பெண் பெறுகிறார்கள். அம்மதியை நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேரோ!

தொல்காப்பியர் வகுத்த வழி இதைவிட எளியது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்குரிய நிலைக்களங்களை வினை, பயன், மெய், உரு என்று அவர் நான்காக அடக்கினார். செயலால் ஒப்பு, விளைவால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. இந்த நான்கையும் கையில் எடுத்துக்கொண்டு கித்துல்கலத் தோட்டத்திற்குள் நுழையுங்கள். கோழி தானியம் கொத்துவதுபோல விரைந்து கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல்கள் வினையுவமம். கூந்தற்பனையின் குலை மெய்யுவமம். றப்பர் மரத்தில் வடிவதற்குப் ‘பால்’ என்று பெயர் வந்தது உருவுவமத்தால். ‘பால் வெட்டு’ என்று தோட்டத்து மக்கள் சொல்லும்போது அங்கே ‘போல’ என்ற சொல்லும் உதிர்ந்துவிடுகிறது. பயனுவமத்திற்கு எடுத்துக்காட்டை மாணவரே தேடிக்கொள்ளட்டும். ஆசிரியர் எல்லாவற்றையும் ஊட்டிவிடலாகாது.

இனி உருவகம். ‘அது போல’ என்பது உவமை. ‘அதுவே’ என்பது உருவகம். இதற்குக் கித்துல்கலவிலேயே உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலத் திரைப்படத்தை டேவிட் லீன் இங்கேதான் பெரும்பாலும் படமாக்கினார். களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் ஒன்றைக் கட்டி, கதைக்காக அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற அப்படத்தைப் பார்த்தவர்களுக்குக் களனி, குவாய் நதியைப் போன்ற நதியன்று; குவாய் நதியேதான். ஓர் ஆறு மற்றோர் ஆற்றின் உருவை மேற்கொண்டுவிட்டது.

உருவகத்திற்கு ஒரு குணம் உண்டு. தான் காட்ட விரும்பியதை ஒளியில் நிறுத்தும், மற்றதை மறைத்துவிடும். சயாம்–பர்மா ரயில் பாதை 1942–43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியரால் அமைக்கப்பட்டது; நீளம் சுமார் 415 கிலோமீற்றர். திரைக்கதை பிரித்தானியப் போர்க்கைதிகளைப் பற்றியது. ஆனால் அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளரின் தொகை, மாண்ட கைதிகளின் தொகையிலும் பன்மடங்கு மிகுதி. மலாயா றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழரும் அவர்களுள் அடங்குவர். றப்பர்த் தோட்டங்களின் நடுவே எடுக்கப்பட்ட படத்தில் அவர்களுடைய கதைக்கு இடமில்லை. ஓர் உருவகத்தைக் காணும்போது எது எதுவாக்கப்பட்டது என்று கேட்பதோடு, எது விடுபட்டது என்றும் கேட்கப் பழகிய மாணவன் பாடப்புத்தகத்தைத் தாண்டிவிட்டான் என்பேன்.

தோட்டத்துப் பேச்சில் உவமையினும் வளமானது ஆகுபெயர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றிற்கு ஆகிவருவது. இலக்கண ஆசிரியர்கள் இதனைப் பதினாறு வகையாக விரிப்பர். சினையாகுபெயருக்குப் பள்ளியில் தரும் எடுத்துக்காட்டு ‘தலைக்கு ஒரு பழம்’. தலை என்ற உறுப்பு ஆளைக் குறிக்கிறது. தோட்டத்தில் இதற்குப் பழத்தைத் தேட வேண்டியதில்லை. வேலைக்கிறங்கிய ஆள்களின் எண்ணிக்கைப்படி கங்காணிக்குக் கிடைத்த படிக்குத் ‘தலைக்காசு’ என்றே பெயர். இலக்கணம் ஒன்றுதான், பழத்திற்குப் பதில் காசு, அதுவும் தலைக்குரியவனுக்குக் கிடையாது!

‘துண்டு’ என்ற சொல்லையும் பாருங்கள். ஒரு தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவரிடம் அவனை விடுவோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சிறு காகிதமே துண்டு. அந்தக் காகிதத்தின் பெயர் அக்கடனுக்கும், கடனோடு ஆள் கைமாறும் அம்முறை முழுவதற்கும் ஆகிவந்தது. 1921ஆம் ஆண்டில் துண்டுமுறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. சொல் மட்டும் முதியோர் நாவில் நெடுங்காலம் நின்றது.

இவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ‘பேர்’ என்ற சொல்லே. நாட்சம்பளத்திற்கு ஆளின் பெயர் பதியப்படுவதால், அச்சம்பளமே ‘பேர்’ ஆயிற்று. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, “இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான்” என்று ஒரு தாய் கூறும்போது, தன் கூலி பாதியாயிற்று என்றுதான் கூறுகிறாள். கேட்பவர் காதில் வேறொன்றும் விழுகிறது. இதனைப் பதினாறு வகையுள் எவ்வகையில் சேர்ப்பது? தமிழாசிரியர்கள் வகுப்பில் வாதிடுவதற்கு ஏற்ற வினா.

உயர்வு நவிற்சியைப் பற்றி ஒரு சொல். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டித் தமிழகத்துக் கிராமங்களில் ஆள்கட்டினார்கள் என்ற செய்தியை மலையகக் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கின்றன. சொல்பவன், கேட்பவன் இருவருக்கும் மிகையென்று தெரிந்தால் அது அணி. ஒருவனுக்கு மட்டும் தெரிந்தால் அதற்கு வேறு பெயர் உண்டு. அப்பெயர் அலங்கார நூலில் இல்லை.

அணி சுடவும் செய்யும். ‘கள்ளத்தோணி’ என்ற வசைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தோணியின் பெயர் அதில் வந்தவனுக்கு ஆகியிருக்கிறது. இலக்கணப் பிழை சிறிதும் இல்லை. வரலாற்றுப் பிழையோ மலையளவு. மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதிக்கப்பட்டு, அரசாங்கத்தின் கண்ணெதிரே தலைமன்னார் வந்திறங்கியவர்களின் சந்ததியையும் அச்சொல்லால் அழைத்தார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு ஆகுபெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதனினும் கொடிய சான்றை நான் அறியேன்.

எளியவர் கையிலும் ஓர் அணி உண்டு. சொல்லக் கருதியதை மறைத்து, அதனையொத்த வேறொன்றைக் கூறுவது பிறிதுமொழிதல். கித்துல்கல மழைக்கு அட்டைகள் பெருகும். சம்பள நாளன்று வட்டிக்காரர் லயத்து வாசலில் வந்து நிற்கும்போது, திண்ணையிலிருக்கும் பாட்டி பேத்தியைப் பார்த்து, “மழை விட்டதும் வந்துவிட்டது அட்டை, காலைப் பார்த்து நட, கண்ணு” என்று கூறுவதாக வைத்துக்கொள்வோம். வட்டிக்காரரால் கோபிக்கவும் முடியாது. கிழவி பேசியது அட்டையைப் பற்றியல்லவா!