சாவி யார் கையில்?
வெளியார் பேணும் கணினியும் நமது பொறுப்பும்

பாண்டுப் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கி, லால் பகதூர் சாஸ்திரி சாலையை நோக்கி நடந்தால், சிறு பட்டறைகளும் அச்சகங்களும் மருந்துக் கடைகளும் நம் கண்ணில் படுகின்றன. அவற்றுள் எதில் நுழைந்தாலும் ஒரு மூலையில் கணினி இருக்கக் காணலாம். முன்னாளில் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்த பேரேடும், கூலிப் பட்டியலும், கொள்முதல் கணக்கும் இப்பொழுது அதனுள்ளே இருக்கின்றன. வரிக் கணக்கு அதன் வழியே போகிறது. தொழிலாளரின் சம்பளமும் அதன் வழியே போய்ச் சேருகிறது.

அது பழுதுபட்டால் நாம் என்ன செய்கிறோம்? வெளியார் ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கிறோம். அவர் தம் இடத்தில் இருந்தபடியே நமது திரையைத் தம் திரையில் வரவழைத்து, சில நிமிஷங்களில் சீர்செய்து விடுகிறார். இதில் தவறு ஏதுமில்லை. எல்லாத் தொழிலும் எல்லார்க்கும் கைவருவதில்லை. ஆயினும், பூட்டைப் பழுது பார்க்க வந்தவர் வேலை முடிந்ததும் சாவியை நம்மிடம் தந்துவிட்டுப் போகிறார். கணினியைப் பழுது பார்த்தவர் சாவியைத் திருப்பித் தந்தாரா என்று நாம் கேட்பதே இல்லை. அபாயம் இங்கேதான் தொடங்குகிறது.

இது வீண் அச்சமன்று. 2016-ஆம் ஆண்டின் நடுவில், பாங்குகளுக்காகப் பணம் வழங்கும் இயந்திரங்களை நடத்திவந்த ஹிட்டாச்சி பேமெண்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணினிகளில் தீய நிரல் ஒன்று புகுந்தது. சுமார் 32 லட்சம் அட்டைகள் ஐயத்திற்குள்ளாயின. பாங்குகள் அட்டைகளை முடக்கவும் மாற்றித் தரவும் நேர்ந்தது. 2024 ஜூலை இறுதியில், சிறு பாங்குகளுக்குக் கணினிச் சேவை அளிக்கும் ஸீ-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனம், கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் ‘ரான்சம்வேர்’ தாக்குதலுக்கு இலக்காயிற்று. தீங்கு பரவாதிருக்க, தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் அதன் இணைப்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறு பாங்குகளின் பணப் பரிமாற்றம் தடைப்பட்டு, ஆகஸ்டு 1-ஆம் தேதி மீண்டது. கூட்டுறவு பாங்கில் சேமிப்பு வைத்திருந்த எளியவர்களுள் பலர் அந்நிறுவனத்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். சிரமம் மட்டும் அவர்களைத் தேடி வந்தது.

அமெரிக்காவில் 2013-இல் நடந்ததும் இவ்வகையே. ‘டார்கெட்’ என்னும் பெருங்கடைக்குக் குளிர்சாதனப் பணி செய்துவந்த ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைத் திருடியவர்கள், அதன் வழியே நுழைந்து, சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்களைக் கவர்ந்தனர். பெரிய வாயிலில் காவலிருந்தும், வேலையாளின் வாயில் வழியே திருடன் புகுந்தான்.

காரணம் எளிது. பழுது பார்ப்பவர் ஒருவரே முப்பது கடைகளுக்குப் பொறுப்பேற்கிறார். முப்பதிற்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பாராயின், ஒன்று களவு போனால் முப்பதும் திறந்து கொள்ளும். அவர் நாணயமானவராகவே இருக்கலாம். அவரிடமிருந்து விலகிப்போன உதவியாளர் எப்படியோ, யார் அறிவார்?

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. முதலாவது, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது. தலைமைக் கடவுச்சொல் நம் கையில் இருக்க வேண்டும். இணைய முகவரியும் மென்பொருள் உரிமமும் நம் பெயரில் இருக்க வேண்டும். வெளியாருக்குத் தனிப் பெயரில் தனி அனுமதி தந்து, கடவுச்சொல்லுடன் இரண்டாவது அத்தாட்சியும் கேட்கும்படி அமைப்பது நலம்.

இரண்டாவது, தொலைவிலிருந்து இயக்கும் வழியை வேலை நடக்கும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் மூடுவது. “உங்கள் கணினியில் கோளாறு இருக்கிறது” என்று தாமாகவே அழைப்பவருக்கு அவ்வழியை ஒருபோதும் திறக்கலாகாது.

மூன்றாவது, கணக்குகளின் நகலொன்றைக் கணினியோடு இணையாமல், பழுது பார்ப்பவரின் கைக்கும் எட்டாமல் வைப்பது. அதிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என்று மூன்று மாதத்திற்கு ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். சோதியாத நகல் ஆபத்து வேளையில் கைவிடக் கூடும்.

நான்காவது, வாய்ப்பேச்சோடு நில்லாமல் ஒப்பந்தம் எழுதுவது. தம் பக்கம் திருட்டு நேர்ந்தால் நமக்கு உடனே அறிவிப்பது, நம் அனுமதியின்றி வேலையை வேறொருவரிடம் ஒப்படையாமை, விலகும்போது சாவிகளையெல்லாம் திருப்பித் தருவது ஆகிய மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். கணினித் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது, ஸெர்ட்-இன் என்னும் அரசாங்க அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணை. வாடிக்கையாளரின் விவரங்களை வெளியாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு ஒப்படைத்தவரையே சாரும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். வேலையைப் பிறரிடம் தரலாம். பொறுப்பைத் தர இயலாது.

இத்தனைக்குப் பிறகும் தீங்கு நேர்ந்தால், கணினியை இணையத்திலிருந்து உடனே பிரித்துவிடுவோம்; தடயங்கள் வேண்டியிருக்கும் ஆதலால் எதையும் அழிக்கலாகாது. பணம் போயிருப்பின் பாங்கிற்கும், 1930 என்னும் தொலைபேசி எண்ணிற்கும் தாமதமின்றித் தெரிவிப்போம்.

ஊரை விட்டு வந்து, பல்லாண்டு உழைத்து எழுப்பிய தொழில் இது. மாத முடிவில் சம்பளத்தை எதிர்பார்க்கும் குடும்பங்கள் இதை நம்பி இருக்கின்றன. வருகிற விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நோட்டுப் புத்தகத்தை எடுத்து, சாவிகளை எண்ணிப் பார்ப்போமாக.