டாக்டர் ப்ளஸ் ஆராய்ச்சியாளர் ஆகணுமா? லேப் தேடும் முன் இதைக் கவனிங்க!

சென்னையிலிருந்து வந்தால் விக்கிரவாண்டியில் ரோடு பிரியும். இடப்பக்கம் போனால் பண்ருட்டி, கும்பகோணம், தஞ்சாவூர். திருச்சி ரோட்டிலேயே போனால் முண்டியம்பாக்கம், அங்கேதான் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. இங்கே படிச்சுட்டு, ‘நோயாளியையும் பார்க்கணும், ஆராய்ச்சியும் பண்ணணும்’னு நினைக்கிறவங்களுக்கும் அப்படி ஒரு பிரிவு வரும். எந்த லேப்ல சேர்றது?

‘பெரிய பேர் இருக்கிற இடத்துல சேரு’ம்பாங்க சீனியர்கள். பாதிதான் சரி. அந்தப் பெரிய பேருக்குச் சொந்தக்காரர் மாசத்துல பாதி நாள் ஃப்ளைட்லயே இருந்தா, உங்களுக்கு யார் சொல்லித் தருவாங்க?

பேரையும் மெஷினையும்விட கேள்வி முக்கியம். 1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கினாங்க. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியத்தில் படுத்தால்தான் டி.பி குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். ‘ஏழை நோயாளிக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தா என்ன?’ன்னு கேட்டாங்க. ஒரு பாதி பேரை வீட்டிலும் மறுபாதியை சானடோரியத்திலும் வைத்து ஒரு வருடம் ஒரே மருந்து கொடுத்தார்கள். 1959-ல் வெளியான முடிவு: பெரிய வித்தியாசமே இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க டி.பி சிகிச்சையே மாறிப்போச்சு.

அப்படிப்பட்ட கேள்வி பெரும்பாலும் ஓ.பி வரிசையில்தான் கிடைக்கும். அதனால், உங்க நோயாளிகள்கிட்ட இருந்து ரொம்ப தூரம் போகாத லேபா பாருங்க. ககன்தீப் காங் எம்.பி.பி.எஸ், எம்.டி, பிஹெச்.டி மூன்றையும் வேலூர் சி.எம்.சி-யில் முடித்தவர். பயிற்சிக்காக அமெரிக்கா போய்விட்டு வேலூருக்கே திரும்பி, அங்குள்ள குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத்தான் ஆராய்ந்தார். 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆன முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி அவர்தான். நம்ம பக்கத்திலேயே புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கு, கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் ஐ.சி.எம்.ஆர் மையம் இருக்கு.

சரி, கைடைப் பார்க்கப் போறீங்க. முதல்ல கேட்க வேண்டியது நேரம். வாரத்துல எத்தனை நாள் வார்டு, எத்தனை நாள் லேப்? ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’னு பதில் வந்தா உஷார். அட்ஜஸ்ட் பண்ணப் போறது நீங்க மட்டும்தான்.

அடுத்தது நெறிமுறைக் குழுவின் அனுமதி. அது இல்லாம நோயாளிகிட்ட இருந்து ஆய்வுக்காக ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க முடியாது. எம்.பி.பி.எஸ் மாணவர்களுக்கான ஐ.சி.எம்.ஆரின் குறுகியகால ஆய்வுத் திட்டமே மொத்தம் 2 மாசம்தான். அனுமதிக்கு விண்ணப்பிச்சாச்சான்னு முன்னாடியே கேட்கலைன்னா, காத்திருந்தே காலம் போயிடும். கட்டுரையில உங்க பேர் எத்தனாவதா வரும்னும் கூச்சப்படாம பேசிடுங்க, மெயில்ல இருந்தா இன்னும் நல்லது.

இதையெல்லாம்விட உண்மை வெளிவர்ற இடம் கேன்டீன். இப்போ லேப்ல இருக்கிற ஸ்டூடன்ட்ஸ் நல்லதாத்தான் சொல்வாங்க, பாவம் அவங்க தீசிஸ் உள்ள மாட்டியிருக்கு. முடிச்சுட்டோ, பாதியில விட்டுட்டோ போனவங்களைத் தேடிப்பிடிச்சு ஒரு டீ வாங்கிக் கொடுங்க.

சேர்றதுக்கு முன்னாடி, லேப் மீட்டிங்ல ஒரு நாள் சும்மா உட்கார அனுமதி கேளுங்க. ஒரு ஜூனியர், ‘சார், இந்த டேட்டா நாம நினைச்ச மாதிரி வரலையே’ன்னு சொல்லும்போது, ஸ்லைடைப் பார்க்காதீங்க. கைடோட முகத்தைப் பாருங்க.