பின் நம்பருக்குப் பூட்டு, தொகைக்குக் கையெழுத்து!

நம்ம மெயின் பஜாரில் எந்தக் கடைக்குப் போனாலும் கியூஆர் அட்டை தொங்குது. போனை நீட்டினதும் பத்து ரூபாய் வந்துடுச்சுன்னு பெட்டி பேசுது. அந்தச் சில வினாடிக்குள் என்ன நடக்குது தெரியுமா?

2016-ல் வந்த இந்த யுபிஐ முறையை நடத்துவது என்பிசிஐ என்ற நிறுவனம். பணம் அனுப்பினதும் ஒரு செய்தி கிளம்பும். யார், யாருக்கு, எவ்வளவு என்று எக்ஸ்எம்எல் வடிவத்தில் எழுதின குட்டிக் கடிதம் அது. நேரே கடைக்காரருக்குப் போகாது. செயலியின் வங்கி, என்பிசிஐ, நம்ம வங்கி, கடைக்காரர் வங்கி என்று பல கை மாறும்.

சுரங்கத்து நிலக்கரி ஒரே பெல்ட்டிலா அனல்மின் நிலையம் வருது? ஒரு கன்வேயரிலிருந்து அடுத்ததில் கொட்டும். அந்த இடத்தில்தான் கவனம் வேணும். அதே மாதிரி, வழியை மட்டும் பாதுகாத்தால் (எச்டிடிபிஎஸ் செய்வது அதைத்தான்) கைமாறுற இடத்தில் செய்தி திறந்து கிடக்கும். அதனால செய்திக்குள்ளேயே பாதுகாப்பு வைக்கிறாங்க.

அதுவும் இரண்டு விதமா. பொதுத்தேர்வு வினாத்தாள் சீல் வைத்த உறையில் வருது, யாரும் பார்க்கக்கூடாது. இது என்கிரிப்ஷன். மதிப்பெண் சான்றிதழை யார் வேணும்னாலும் படிக்கலாம், ஆனா 35-ஐ 85 ஆக்கக்கூடாது. இது டிஜிட்டல் கையெழுத்து.

பின் நம்பர் அடிக்கிற திரையே என்பிசிஐ கொடுத்ததுதான். அடிச்ச உடனே அவங்க பொதுச் சாவியால் பூட்டிடும். திறக்கிற தனிச் சாவி அவங்ககிட்ட மட்டும். நம்ம போனில் இருக்கிற செயலிக்கே நம்ம பின் நம்பர் தெரியாது! எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

பொதுச் சாவி ஊருக்கே தெரிஞ்சா திருடன் திறந்துட மாட்டானா? மாட்டான். 53-ஐ 61-ஆல் பெருக்கினா 3233, நொடியில் போடலாம். 3233 எந்த இரண்டு எண்களின் பெருக்கல்னு கேட்டா? 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் மூவரும் இந்தக் கஷ்டத்தை வைத்தே பூட்டு செய்தாங்க. இப்போ பயன்படும் எண்களுக்கு 600 இலக்கத்துக்கும் மேல்.

தொகையை மறைக்க முடியாது, இடையில் இருக்கிற வங்கிகள் படிக்கணுமே. அதுக்குத்தான் கையெழுத்து. செய்தி முழுவதையும் கணக்குப் போட்டு ஒரு சுருக்கம் எடுப்பாங்க. எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்தும் எண்ணும். 10 ரூபாயில் ஒரு சைபர் சேர்த்தாலே சுருக்கம் அடியோட மாறிடும். அனுப்புறவங்க அதில் தன் தனிச் சாவியால் கையெழுத்து போடுவாங்க. வாங்குறவங்க பொதுச் சாவியால் சரிபார்ப்பாங்க. பொருந்தலைன்னா செய்தி செல்லாது. "நாங்க அனுப்பலை"ன்னும் கைவிரிக்க முடியாது. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இந்தக் கையெழுத்து செல்லும்.

போன மாசம் எங்க பாட்டிக்கு ஒரு போன். "உங்களுக்கு 5,000 ரூபாய் வந்திருக்கு, வாங்கிக்க பின் நம்பர் போடுங்க." பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. நல்லவேளை, பாட்டி போனை என்கிட்ட கொடுத்தாங்க. போட்டிருந்தா பூட்டும் சரியா இருந்திருக்கும், கையெழுத்தும் சரியா இருந்திருக்கும், பணமும் சரியா போயிருக்கும்.