நள்ளிரவுச் சீட்டாட்டம்

சூதாட்டம் என்று பேச்செடுத்தால் உடனே தருமபுத்திரனை அழைத்து வருவது நம்மவர் சம்பிரதாயம். ஆயினும் அவன் ஆடியது பீஷ்மரும் விதுரரும் வீற்றிருந்த சபையில், சகுனியின் முகத்தை எதிரே பார்த்தவண்ணம். ஊர் உறங்கும் வேளையில் போர்வைக்குள் கைபேசியோடு கிடக்கும் பதினேழு வயதுப் பையனுக்கோ எதிராளியின் முகமும் இல்லை, தடுத்துச் சொல்ல ஒரு விதுரரும் இல்லை.

நியாயஸ்தலங்கள் நெடுங்காலமாக வேறொரு விசாரத்தில் ஆழ்ந்திருந்தன. ரம்மியில் வெல்வது சாமர்த்தியமா, அதிர்ஷ்டமா என்பதே அது. சிகந்தராபாத் கிளப் ஒன்றில் மேஜையைச் சுற்றி அமர்ந்து ஆடியவர்களைப் பற்றிய வழக்கில், சாமர்த்தியமே பிரதானம் என்று சுப்ரீம் கோர்ட் 1967இல் கூறியது. அந்த வாக்கின் நிழலிலேயே, தமிழ்நாட்டு அரசின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. தர்க்கம் பழுதற்றதாக இருக்கலாம். ஆனால் இழந்ததை மீட்டுவிடலாம் என்று விடியும்வரை விழித்திருக்கும் இளைஞனுக்குத் தன் சாமர்த்தியத்தில் உள்ள நம்பிக்கையே பெரிய அபாயம் என்பது அந்தத் தர்க்கத்தில் இடம்பெறவில்லை.

ஆதலால் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு கொண்டுவந்த விதிகளை நான் விவேகமுள்ளவை என்பேன். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அனுமதி இல்லை. ஆதார் சரிபார்ப்பு அவசியம். நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை ஆட்டத்துக்குள் நுழைய முடியாது. சீட்டின் தன்மையை ஆராயாமல் கடிகாரத்தைப் பார்த்தது இவ்விதி. உயர்நீதிமன்றமும் அவ்வாண்டு ஜூனில் இதை ஏற்றது. அப்பாவின் ஆதாருக்கு வரும் ஓ.டி.பி. மகனுக்கும் தெரிந்திருக்கும் வீடுகளில் இது எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு விஷயம்.

பணம் வைத்து ஆடுவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பரிசுப் பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பாக்ஸ்' சிறுவர் ஆடும் விளையாட்டுகளில் சர்வசாதாரணம். அது சூதாட்டமே என்று பெல்ஜிய நாட்டு ஆணையம் 2018இலேயே துணிந்து சொன்னதால், கால்பந்து விளையாட்டு ஒன்றை வெளியிட்ட பெரிய நிறுவனம் அந்நாட்டில் அவ்விற்பனையை நிறுத்த நேர்ந்தது.

2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் இயற்றிய சட்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே அடியோடு தடுத்து, நடத்துபவனையும் விளம்பரம் செய்பவனையும் குற்றவாளியாக்கி, ஆடியவனைத் தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆகவே தோற்ற பையன் போலீசுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அவன் அஞ்சுவது தகப்பனாருக்கு. அவர் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு தோற்றாய் என்பதன்று, யாரிடம் கடன் வாங்கினாய் என்பதே. ஏனெனில் அந்தக் கடனை அடைக்கத்தான் அவன் மறுபடியும் ஆடப் போகிறான்.