கடல் கடந்த கடைக்காரர்களும் ஆங்கில வகுப்பும்

நம் சங்க உறுப்பினர் பலருக்கு லண்டனில் ஒரு தம்பியோ, மைத்துனரோ, மருமகனோ இருக்கக்கூடும். தொலைபேசியில் பேசும்போது கடை எப்படி, வாடகை எவ்வளவு, வியாபாரம் நடக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆங்கில வகுப்புக்குப் போகிறாயா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், "அதுக்கெல்லாம் எங்கே நேரம்?" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலுக்குப் பின்னே நேரத்தோடு சட்டமும் பணமும் கலந்திருக்கின்றன.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் பிரிட்டன் சென்ற தமிழர்கள் பலர் பெட்ரோல் நிலையத்திலும் மூலைக் கடையிலும் இரவு வேலை பார்த்து, பின்னர் சொந்தக் கடை வைத்தார்கள். டூட்டிங், ஈஸ்ட்ஹாம், வெம்ப்ளி, ஹாரோ பகுதிகளில் இன்று தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 1,25,000 பேர். அதே கணக்கில், எல்லா நாட்டாரையும் சேர்த்து, ஆங்கிலம் சரியாகப் பேச வராதவர்கள் சுமார் 8,80,000 பேர். அறவே பேசத் தெரியாதவர்கள் சுமார் 1,61,000 பேர்.

கல்லாவில் நின்றால் மொழி தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. பாதி உண்மைதான். நம் ஊர் மளிகைக் கடைகளில் வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா பையன்கள் சில மாதங்களிலேயே "கால் கிலோ, அரைக் கிலோ, சில்லறை இல்லையே" என்று பேசிவிடுகிறார்கள். அதே பையனிடம் ஒரு வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் என்ன ஆகும்? லண்டன் கடையிலும் இதே கதைதான். பால், ரொட்டி, சிகரெட், மீதிச் சில்லறை ஆகியவற்றுக்கு வேண்டிய ஆங்கிலம் மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது. அதற்குமேல் பத்து வருடம் நின்றாலும் கல்லா கற்றுத் தருவது கொஞ்சம்தான்.

ஆனால் கடைக்கு வரும் காகிதங்களோ அதற்கு மேற்பட்டவை. நகரசபையின் வணிக வரி நோட்டீஸ், வாட் கணக்கு, இத்தனை வருடத்துக்கு ஒருமுறை வாடகை உயரும் என்ற ஷரத்து உள்ள குத்தகைப் பத்திரம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். மது விற்கும் கடையில் 18 வயது ஆகாதவருக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டால் உரிமமே ஆட்டம் காணும். வயதைக் கேட்டு, அடையாளச் சீட்டைப் பார்த்து, கோபப்படும் வாடிக்கையாளரை நயமாகப் பேசி அனுப்பத் தெரிய வேண்டும். எள் கலந்த ரொட்டியைத் தின்று 2016இல் ஒரு சிறுமி இறந்ததை அடுத்து, நடாஷா சட்டம் என்று அழைக்கப்படும் விதி 2021 அக்டோபர் முதல் அமலுக்கு வந்தது. கடையிலேயே வடையைச் சுட்டுப் பொட்டலம் போட்டு விற்றால், அதில் சேர்ந்த பொருள் அனைத்தையும் சீட்டில் எழுதி, ஒவ்வாமை தரும் 14 வகைகளையும் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும். கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் சமையலில் இவை இரண்டும் இல்லாத பண்டம் எத்தனை?

இதற்கெல்லாம் கைகொடுப்பது வயதுவந்தோருக்கான ஆங்கில வகுப்பு. அங்கே அதை 'ஈசோல்' என்பார்கள். கல்லூரிகளிலும் நகரசபைக் கல்வி நிலையங்களிலும் நடக்கிறது. இங்கிலாந்தின் பொது விதிப்படி, அடைக்கலம் கேட்டு வந்தவர் முடிவுக்காக ஆறு மாதம் காத்திருந்த பிறகே அரசுப் பணத்தில் இந்த வகுப்பில் சேரலாம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இந்தக் காத்திருப்பு இல்லை. அந்த மாதங்களில் அவருக்கு வேலை பார்க்கவும் அனுமதி கிடையாது. முழு நாளும் கையில் இருக்கும்போது வகுப்பு இல்லை. வகுப்பு கிடைக்கும் காலத்தில் வேலை வந்து நாளை விழுங்கிவிடுகிறது. தேவாலயங்களிலும் நூலகங்களிலும் தொண்டர்கள் நடத்தும் சிறு வகுப்புகள்தான் இடையில் துணை.

பணத்தின் கதை வேறு. 2007 வரை இவ்வகுப்பு பொதுவாக இலவசமாக இருந்தது. அந்த ஆண்டு இலவசம் சுருக்கப்பட்டது. 2011இல் வேலை தேடுவோர் உதவித்தொகை போன்றவற்றைப் பெறுவோருக்கே முழு இலவசம் என்றாகி, சம்பளத்துக்கு உழைப்பவர் பாதிக் கட்டணம் கட்ட நேர்ந்தது. இங்கிலாந்தில் இதற்கான அரசு ஒதுக்கீடு 2009-10இல் சுமார் 20 கோடியே 30 லட்சம் பவுனாக இருந்தது, 2015-16இல் சுமார் 9 கோடி பவுனாக இறங்கிவிட்டது. இதற்கு நடுவிலேயே, 2013 அக்டோபரில், குடியுரிமைக்கு ஆங்கிலத்தில் பி-1 என்ற நடுத்தர நிலை கட்டாயமாக்கப்பட்டது. சரக்கை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர் வாங்க வரவில்லையே என்று குறைசொல்வது போன்றது இது. பின்னர் 2018 முதல் குறைந்த சம்பளக்காரருக்கும் முழு இலவசம் தர வழி திறந்தது. 2019இல் வயதுவந்தோர் கல்விப் பணம் லண்டன் மேயரின் கைக்கு வந்தபின், அந்நகரில் சம்பள வரம்பும் சற்றுத் தாராளமானது.

ஆனாலும் கடைக்காரருக்கு இன்னொரு தடை இருக்கிறது. பல வகுப்புகள் வார நாட்களில் காலை பத்து மணி வாக்கில் நடக்கின்றன. விடியும் முன் பத்திரிகைக் கட்டை அவிழ்த்தவர் அந்நேரம் கல்லாவில் நிற்பார். மாலை வகுப்பு என்றால், அதுதான் வியாபார நேரம். பெண்களின் பாடு இன்னும் கஷ்டம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வகுப்பைப் பாதியில் விட்டவர்கள் அநேகர். இந்த விஷயத்தில் ஆஸ்திரேலியா நமக்கு மெச்சத் தோன்றுகிறது. 1948இலேயே குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய அந்நாடு, நெடுநாள் 510 மணி நேர இலவசப் பாடம் என்று வைத்திருந்த வரம்பை 2021இல் நீக்கியது. வகுப்பு நேரத்தில் பள்ளி வயது எட்டாத குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் அரசே செலவு செய்கிறது.

முதலாளிகள் சிலர் இதைப் படித்துவிட்டு, "வகுப்புக்கு விட்டால் கடையை யார் பார்ப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆள் கூலியும் அங்கே அதிகம். ஆயினும் வாரத்தில் இரண்டு காலைப் பொழுதைக் கணக்கிட்டுப் பார்த்தால், சீட்டில் ஒரு பெயர் விட்டுப்போனதால் வரும் வழக்கைவிட அது மலிவு என்பது நம் கருத்து. ஆள் மாற்றி நிறுத்த வழியில்லாத ஒற்றை ஆள் கடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு ஞாயிறு வகுப்பு நடத்தும் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் உதவலாம். பிள்ளைகள் ஓர் அறையில் தமிழ் படிக்கும்போது, பெற்றோர் அடுத்த அறையில் ஆங்கிலம் படிக்க என்ன தடை?

அங்கே உறவினர் உள்ள உறுப்பினர்கள் அவர்களுக்கு ஒரு விவரம் சொல்லி வைக்கலாம். கல்வி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு சிறு சோதனை வைத்து, எந்த நிலை வகுப்பு என்று தீர்மானிப்பார்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் கோடையிலேயே போய்ப் பெயர் கொடுத்துவிட வேண்டும். போகும்போது குடியேற்ற அனுமதிக்கான அத்தாட்சியையும், கட்டணச் சலுகை கேட்பதானால் சம்பளச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.